குரலுக்கு எந்த மூடிய ஹெட்போன்?

குரலிசை கேட்க ஹெட்போன் வாங்கப்போகிறேன் என்று யாராவது சொன்னால், மூடியதுதான் வேண்டுமா என்று முதலில் கேட்டுவிடுவேன். அறையில் வேறு யாரும் இல்லை, வெளியிலிருந்து சத்தமும் வராது என்றால் முதுகு திறந்த, அதாவது காதுக்கிண்ணத்தின் வெளிப்பக்கம் அடைக்கப்படாத ஹெட்போனே குரலுக்கு நல்லது. டிரைவரின், அதாவது உள்ளே ஒலியை எழுப்பும் சின்ன ஒலிபெருக்கியின், பின்பக்கம் கிளம்பும் ஒலி அடைபடாமல் வெளியே போய்விடும். 1997இல் வந்த சென்ஹைசர் எச்டி 600ஐ இன்றும் குரலுக்கு உரைகல்லாக வைத்துப் பேசுகிறார்கள் என்றால், அதில் அந்தத் திறந்த முதுகுக்கும் பங்குண்டு.

ஆனால் பக்கத்துக் கட்டிலில் ஒருவர் தூங்கும்போது கேட்பவருக்கும், பேருந்தில் கேட்பவருக்கும், மைக் முன்னால் உட்கார்ந்து தன் குரலையே பதிவுசெய்பவருக்கும் அது ஆகாது. உள்ளே ஓடும் பாட்டு அறை முழுக்கக் கசியும், வெளியே நடப்பதெல்லாம் உள்ளே வரும். மூடிய ஹெட்போனை எடுப்பது இந்தத் தேவைக்காகத்தான், ஒலி இன்னும் நன்றாக இருக்கும் என்பதற்காக அல்ல. இதை ஒப்புக்கொண்டு கடைக்குப் போனால் பாதி ஏமாற்றம் தவிரும்.

மூடினால் குரலுக்கு என்ன ஆகிறது என்று தெரிந்துகொள்ள எந்தக் கருவியும் வேண்டாம். இரண்டு உள்ளங்கைகளையும் குவித்து வாயைச் சுற்றி வைத்துக்கொண்டு ‘ஆ’ என்று இழுத்துப் பாருங்கள். பிறகு கையை எடுத்துவிட்டு அதே ‘ஆ’. முதலாவது குடத்துக்குள் பேசினாற்போல இருக்கும். மூடிய ஹெட்போனின் கிண்ணத்துக்குள்ளும் இதுதான் நடக்கிறது. பின்பக்க ஒலி சுவரில் முட்டித் திரும்பி வந்து, சில சுருதிகளை ஊதிப் பெரிதாக்குகிறது, சிலவற்றைத் தின்றுவிடுகிறது. பஞ்சு, கம்பளித் துணி, சின்னச் சின்னக் காற்றுத் துளைகள் என்று பலதையும் வைத்து இதை அடக்கத்தான் தயாரிப்பாளர்கள் மெனக்கெடுகிறார்கள். அந்த வேலை எவ்வளவு நன்றாக நடந்திருக்கிறது என்பதுதான் குரலில் தெரியும். அட்டைப்பெட்டியில் 40 மி.மீ. டிரைவர், 50 மி.மீ. டிரைவர் என்று போட்டிருப்பதற்கும் குரலுக்கும் சம்பந்தம் மிகக் குறைவு.

குரல் எங்கே இருக்கிறது

பேசும்போது ஆண்குரலின் அடிச்சுருதி ஏறத்தாழ 85 முதல் 180 ஹெர்ட்ஸ் (நொடிக்கு இத்தனை அதிர்வு) வரை, பெண்குரலினுடையது 165 முதல் 255 வரை. உச்சஸ்தாயியில் பாடும் பெண்குரல் 1,000 ஹெர்ட்ஸைத் தொட்டுவிடும். இந்த எண்களைப் பார்த்துவிட்டுக் குரல் என்றால் இவ்வளவுதான் என்று நினைத்தால் தவறு. பழைய தொலைபேசி 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரைதான் கடத்தியது. அப்பாவின் அடிச்சுருதி அந்தக் கம்பி வழியாக வரவே வராது. ஆனாலும் ‘ஹலோ’ என்ற ஒரு சொல்லில் அப்பாதான் என்று தெரிந்துவிடும். அடிச்சுருதியின் மடங்குகளாக மேலே அடுக்கடுக்காக எழும் ஒலிகளிலிருந்து காதும் மூளையும் அதைக் கட்டிக்கொள்கின்றன. அதே தொலைபேசியில் ஒரு புதுப் பெயரைச் சொன்னால் ‘ஸ’வா ‘ஃப’வா என்று இரண்டு முறை கேட்கவேண்டி வரும். அந்த எழுத்துகளின் உயிர் 3,400க்கு மேலே இருப்பதுதான் காரணம்.

ஆக ஒரு ஹெட்போன் குரலைக் கெடுக்கக்கூடிய இடங்கள் மூன்று. 200 ஹெர்ட்ஸைச் சுற்றியுள்ள பகுதி, 3,000 ஹெர்ட்ஸைச் சுற்றியுள்ள பகுதி, 6,000 முதல் 9,000 வரையுள்ள பகுதி.

முதல் இடம் குரலின் நெஞ்சு. இங்கே கொஞ்சம் குறைந்தால் குரல் மெலிந்து, தொண்டைக்கு மேலிருந்து மட்டும் வருவதுபோல் ஆகும். கூடினால் கம்பளி போர்த்திய குரல். பாஸ், அதாவது தாழ்ந்த ஒலி, தூக்கலான ஹெட்போன்கள் குரலுக்குச் சரிவராது என்று பலர் சொல்வதில் பாதிதான் உண்மை. தாழ்ந்த ஒலி தனக்கு மேலே உள்ள ஒலியை மறைக்கும், மேலே உள்ளது கீழே உள்ளதை அவ்வளவாக மறைக்காது. காதின் இயல்பே அப்படி. ஆகவே பாஸ் எவ்வளவு தூக்கலாக இருக்கிறது என்பதைவிட எதுவரை ஏறி வருகிறது என்பதுதான் கேள்வி. 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே தூக்கிவிட்டு 200க்குள் இறங்கிவிட்டால் மத்தளம் அதிரும், குரல் தெளிவாகவே நிற்கும். 300 வரை வழிந்து வந்தால் பாடகர் மத்தளத்துக்குள் உட்கார்ந்து பாடுவார்.

இரண்டாவது இடம்தான் எனக்கு மிகப் பிடித்த விஷயம். நம் காதுக்குழாய் ஏறத்தாழ இரண்டரை சென்டிமீட்டர் நீளம். ஒரு முனை மூடிய குழல் அது; 3,000 ஹெர்ட்ஸ் சுற்றி வரும் ஒலியைத் தானாகவே பெருக்கித் தருகிறது. இன்னொரு பக்கம், பயின்ற ஓபரா பாடகர்களின் குரலிலும் இதே 3,000 சுற்றித்தான் ஒரு வலுவான மேடு எழுகிறது. 1970களில் சுவீடனைச் சேர்ந்த யோஹான் சுண்ட்பெர்க் இதை விரிவாக ஆராய்ந்தார். பெரிய வாத்தியக் குழுவின் வலுவெல்லாம் 500 ஹெர்ட்ஸை ஒட்டி இருக்கிறது, 3,000இல் அது மெலிந்துவிடுகிறது. அந்த இடைவெளி வழியாகத்தான் ஒற்றைக் குரல் மைக் இல்லாமலே அரங்கின் கடைசி வரிசைக்குப் போகிறது. காது எங்கே கூர்மையோ அங்கேயே பாடகர்கள் குரலைக் கூராக்கியிருக்கிறார்கள்.

ஹெட்போனுக்கும் இதற்கும் என்ன தொடர்பு? முன்னால் நின்று ஒருவர் பாடும்போது நம் தலை, தோள், காதுமடல் எல்லாம் சேர்ந்து அந்த ஒலியை மாற்றிக் கொடுக்கின்றன. ஹெட்போன் காதை ஒட்டி உட்கார்ந்துகொள்வதால் அந்த மாற்றத்தில் பெரும்பகுதி நடப்பதில்லை. ஹெட்போனே அதை ஈடுசெய்து 3,000 சுற்றி மேட்டை எழுப்பிக் கொடுக்கவேண்டும். கொடுக்காவிட்டால் குரல் இரண்டடி பின்னால் போய்ச் சுவரோடு நின்றுவிடும். அதிகமாகக் கொடுத்தால் ஒலிபெருக்கிக் குழாயில் கத்துவதுபோல் இருக்கும். மூடிய ஹெட்போன்களில் ‘குரல் உள்ளடங்கி இருக்கிறது’ என்று சொல்லப்படும் குறையில் பெரும்பாலானது இந்த இடத்துப் பள்ளம்தான்.

மூன்றாவது, ஸகரமும் சகரமும் வாழும் இடம். ஒரு முறை ‘துல்லியம் அபாரம்’ என்ற பேச்சை நம்பி ஒரு மூடிய ஹெட்போன் வாங்கினேன். முதல் பத்து நிமிடம் சொர்க்கம். பாடுபவர் மூச்சிழுப்பதுகூடக் கேட்கிறதே என்று மகிழ்ந்தேன். அன்றிரவு அரை மணி நேரம் தொடர்ந்து கேட்டபோது ஒவ்வொரு ‘ஸ்’ஸும் ஊசியாகக் குத்த ஆரம்பித்தது. 8,000 சுற்றி ஒரு செங்குத்தான மேடு அதற்கு. துல்லியம் என்று நான் நினைத்தது அந்த மேட்டைத்தான். கடையில் ஐந்து நிமிடம் கேட்டு வாங்குகிறவர்கள் எல்லோரும் இந்தக் குழியில் விழ வாய்ப்புண்டு, ஏனென்றால் ஐந்து நிமிடத்தில் அது நல்லதாகத்தான் தெரியும்.

பெயர் பெற்றவை

சோனி எம்டிஆர்-7506. 1991 முதல் ஏறக்குறைய அதே வடிவில் வந்துகொண்டிருக்கிறது. 40 மி.மீ. டிரைவர், மின்தடை 63 ஓம் (இந்த எண் கூடினால் பொதுவாக வலுவான கருவியில் சொருகவேண்டும்). ஒலிப்பதிவுக் கூடங்களில் இதைப் பார்க்காமல் இருப்பது கடினம். மேல்பகுதி தூக்கல், குரல் முகத்துக்கு நேரே வந்து நிற்கும். உதடு ஒட்டிப் பிரியும் சத்தம், ‘ப’வில் மைக்கில் படும் காற்று, தொகுப்பில் வெட்டி ஒட்டிய இடம் எல்லாமே தெரியும். பதிவுசெய்கிறவருக்கு அதுதானே வேண்டும்? இரவு சாய்ந்துகொண்டு கேட்கிறவருக்கு வேண்டாம். சுருள் கேபிளைக் கழற்ற முடியாது. மெத்தை மெல்லியது, காது பெரிதாக இருந்தால் உள்ளே முட்டும்.

பெயர்டைனமிக் டிடி 770 ப்ரோ இதற்கு நேர்மாறான அனுபவம். வெல்வெட் போன்ற மெத்தை, எடை 270 கிராம். மூன்று மணி நேரம் போட்டுக்கொண்டிருந்தாலும் தலையில் இருப்பது மறந்துவிடும். இதுபோல வசதியான மூடிய ஹெட்போன் குறைவு. ஒலிதான் பிரச்சினை. கீழே தூக்கல், மேலே தூக்கல், நடுவில் குரல் சற்றுப் பதுங்கல், 8,000 பக்கம் மேற்சொன்ன அந்த மேடு. ஸகரம் நிறைந்த மொழிப் பாடல்கள் இதில் சோதனைதான். இருந்தாலும் நான் இதை ஒதுக்கமாட்டேன். ஒலியின் பகுதிகளைத் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரில் 8,000 ஹெர்ட்ஸில் மூன்று முதல் ஐந்து டெசிபல் குறைத்தால் குணமே மாறிவிடுகிறது. ஈக்வலைசர் பக்கமே போகமாட்டேன் என்பவர் இதைத் தொடவேண்டாம். 32, 80, 250 ஓம் என்று மூன்று வகை உண்டு. கைபேசியில் நேரடியாகச் சொருகுவதானால் 32, கணினியோடு ஒரு சாதாரண ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக்கையும் ஹெட்போனையும் கணினியோடு இணைக்கும் பெட்டி) இருந்தால் 80. 250 ஓம் வகையைக் கைபேசியில் சொருகிவிட்டு ‘சத்தமே வரவில்லை’ என்று நொந்துகொள்வது பழைய கதை.

ஆடியோ-டெக்னிகா ஏடிஎச்-எம்50எக்ஸ் 2014இல் வந்தது. 45 மி.மீ., 38 ஓம், 285 கிராம். ஹெட்போன் வாங்கலாமா என்று யாரைக் கேட்டாலும் முதலில் வந்து விழும் பெயர் இது. குரலை முதன்மையாகக் கேட்பவருக்கு நான் இதைச் சொல்லமாட்டேன். மோசம் என்பதல்ல. தாளத்துக்காகச் சுருதி கூட்டப்பட்ட கருவி இது, பாஸ் முதலில் வந்து நாற்காலியில் உட்கார்ந்துகொள்கிறது. அதே வரிசையில் பெயர் குறைந்த எம்40எக்ஸ் குரலுக்குத் தேவலை. பாஸ் அடக்கம், எடை 240 கிராம், மொத்தத்தில் சமன். தம்பி அண்ணனைவிடப் பொறுப்பாக இருக்கும் வீடுகள் உண்டல்லவா, அதுபோல. மெத்தை மட்டும் இரண்டிலும் சிறிது சூடேற்றும்.

ஏகேஜி கே371, 2019இல் வந்தது. 50 மி.மீ., 32 ஓம், 255 கிராம். ஹார்மன் நிறுவனத்தில் ஷான் ஆலிவ், டாட் வெல்டி ஆகியோர் ஏராளமான கேட்பவர்களை வைத்து, எந்த மாதிரியான ஒலிச்சமன் பெரும்பாலோருக்குப் பிடிக்கிறது என்று ஆராய்ந்து ஒரு வளைகோட்டை வரைந்தார்கள். அதை நெருக்கமாகப் பின்பற்றுகிறது இந்த ஹெட்போன். அந்த வளைகோட்டில் பாஸ் தூக்கல் உண்டு, ஆனால் 200 ஹெர்ட்ஸுக்குள் இறங்கிவிடுகிறது. 3,000 சுற்றி மேடு உரிய அளவில் எழுகிறது. மேலே சொன்ன மூன்று இடங்களில் முதல் இரண்டும் சரியாக விழுந்துவிட்டன. ஆண்குரலில் நெஞ்சும் இருக்கும், சொல்லும் தெளியும். கேபிள் கழற்றி மாட்டலாம். ஒரே நிபந்தனை, அதன் நீள்வட்டக் கிண்ணம் உங்கள் தலையில் இடைவெளியில்லாமல் ஒட்டவேண்டும். ஒட்டவில்லை என்றால் வளைகோடு காகிதத்தோடு நின்றுவிடும். இதைப் பற்றிக் கீழே.

சென்ஹைசர் எச்டி 25, 1988இலிருந்து இருக்கிறது. 140 கிராம்தான். காதைச் சுற்றி உட்காராமல் காதின் மேலேயே அழுத்தி உட்காரும் வகை. நடுப்பகுதி நெருக்கமாக, உயிரோடு இருக்கும், வெளிச்சத்தத்தையும் நன்றாகத் தடுக்கும். ஒரு மணி நேரத்துக்குமேல் என் காது தாங்காது. கண்ணாடி போட்டிருந்தால் அரை மணி. நாய்மன் என்டிஎச் 20 மென்மையாக, சோர்வு தராமல் பாடும். ஆனால் ஏறத்தாழ 390 கிராம், கழுத்துக்குத் தெரியும்.

கண்ணாடி என்ற எதிரி

மூடிய ஹெட்போனில் பாஸ் உருவாவதே மெத்தைக்கும் தலைக்கும் நடுவே அடைபட்ட காற்றை வைத்துத்தான். அந்த அடைப்பில் ஓட்டை விழுந்தால் கீழ்ச்சுருதிகள் ஒழுகிவிடும். மூக்குக்கண்ணாடியின் காது, அடர்ந்த கிருதா, மெத்தைக்கு அடியில் சிக்கிய கூந்தல், தாடை எலும்புக்குக் கீழே உள்ள குழிவு, எதுவும் இதைச் செய்யும். ஒரே ஹெட்போனை ஒருவர் ‘கனமான குரல்’ என்றும் இன்னொருவர் ‘தகரக் குரல்’ என்றும் சொல்வதற்குப் பல நேரம் ரசனை காரணமல்ல, மண்டையின் வடிவம்தான் காரணம்.

சோதிப்பது எளிது. தாழ்ந்த ஆண்குரல் பாடும் ஒரு பகுதியை ஓடவிட்டு, இரண்டு கிண்ணங்களையும் உள்ளங்கையால் மெல்ல அழுத்துங்கள். ஒன்றும் பெரிதாக மாறவில்லை என்றால் நன்றாக ஒட்டியிருக்கிறது. அழுத்தியதும் குரலுக்குத் திடீரென்று நெஞ்சு வந்தால், அழுத்தாதபோது நீங்கள் கேட்டுக்கொண்டிருந்தது அரைகுறை ஒலி. கண்ணாடி அணிபவர் கண்ணாடியோடுதான் இதைச் செய்யவேண்டும். தடித்த பிரேமைவிட மெல்லிய உலோகக் காது எவ்வளவோ மேல். கே371 போல ஒட்டினால்தான் பாடுவேன் என்று அடம்பிடிப்பவற்றைவிட, மெத்தை தடித்து மென்மையாக இருக்கும் டிடி 770 போன்றவை கண்ணாடிக்காரர்களை மன்னிக்கும்.

மெத்தை தேய்வதும் இதில் சேரும். தோல் உரிந்து, உள்ளிருக்கும் பஞ்சு தட்டையானால் அடைப்பும் போகும், டிரைவருக்கும் காதுக்கும் இடையிலான தூரமும் குறையும். ஹெட்போன் கெட்டுவிட்டது என்று பலர் தூக்கிப்போடுவது இந்த நிலையில்தான். மாற்று மெத்தை வாங்கும்போது அதே வகையை வாங்குங்கள். அழகாக இருக்கிறதென்று வேறு தடிமனில், வேறு துணியில் மாட்டினால் அது வேறு ஹெட்போன்.

ஒயர்லெஸ்?

சுருக்கமாகச் சொல்கிறேன். இரைச்சல் நீக்கும் ஒயர்லெஸ் ஹெட்போன்கள் பேருந்துக்கும் விமானத்துக்கும் சிறந்தவை. எந்த புளூடூத் கோடெக் (ஒலியைச் சுருக்கி அனுப்பும் முறை) என்று சண்டை போடுவதைவிட, அதன் கைபேசிச் செயலியில் ஈக்வலைசர் இருக்கிறதா என்று பாருங்கள். பல மாடல்கள் பெட்டியிலிருந்து வரும்போது பாஸ் வழியும் நிலையில்தான் வருகின்றன. 200 ஹெர்ட்ஸ் பக்கம் இரண்டு மூன்று டெசிபல் இறக்கினாலே குரல் மேலே வந்துவிடும். சார்ஜ் தீர்ந்ததும் ஒயர் சொருகிக் கேட்கலாம் என்பதை மட்டும் நம்பாதீர்கள். உள்ளே இருக்கும் மின்னணுத் திருத்தம் ஓய்ந்தபின் பலவற்றில் ஒலி அடையாளமே தெரியாது. தன் குரலைத் தானே கேட்டுக்கொண்டு பாடுபவருக்கு புளூடூத் கூடவே கூடாது. குரல் வாயில் ஒரு நேரமும் காதில் இன்னொரு நேரமும் வரும்.

கூடவே பாடிப் பழகுகிறவர்களுக்கு ஒரு விஷயம். காதை மூடிக்கொண்டு பாடினால் நம் குரல் எலும்பு வழியாக வந்து உள்ளேயே தங்கி, ‘ம்ம்ம்’ என்று பெருத்து ஒலிக்கும். சுருதி சேர்கிறதா என்று தெரியாது. பாடகர்கள் ஒலிப்பதிவில் ஒரு பக்கக் கிண்ணத்தைக் காதுக்குப் பின்னால் தள்ளிவிட்டுப் பாடுவது அதனால்தான். அப்படித் தள்ளிவைக்க வாகாகக் கிண்ணம் திரும்பும் எம்40எக்ஸ், எச்டி 25 போன்றவை இந்தப் பழக்கத்துக்குத் தோது.

எதை வைத்துக் கேட்டுப் பார்ப்பது

பெரிய வாத்தியக் குழுவோடு வரும் பாடல்கள் சோதனைக்கு உதவாது. ஒரு குரல், ஒரே ஒரு வாத்தியம், அவ்வளவு போதும். ஒரு தாழ்ந்த ஆண்குரல், ஒரு உயர்ந்த பெண்குரல், பலர் சேர்ந்து பாடும் ஒன்று. சேர்ந்து பாடுவதில் எத்தனை பேர் என்று எண்ணத் தோன்றினால் நல்ல ஹெட்போன், ஒரே கூழாகக் கேட்டால் இல்லை.

இதையெல்லாம்விட நான் நம்புவது பேச்சை. வீட்டில் இருப்பவர் ஒருவரை எதையாவது ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லி அமைதியான அறையில் பதிவுசெய்து வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பாடகரின் நிஜக் குரலும் நமக்குத் தெரியாது. பதிவில் வந்ததுதான் தெரியும். அம்மாவின் குரல் தெரியும். கைபேசி மைக்குக்கும் ஒரு நிறம் உண்டு என்பது உண்மைதான், ஆனால் எல்லா ஹெட்போனுக்கும் அதே பதிவைத்தானே போடப்போகிறீர்கள். அம்மாவுக்குச் சளி பிடித்தாற்போல் கேட்டால் 200 பக்கம் வழிகிறது. அடுத்த அறையிலிருந்து பேசுவதுபோல் இருந்தால் 3,000இல் பள்ளம். பல்லிடுக்கில் விசிலடித்தால் 8,000.

இரண்டை ஒப்பிடும்போது சத்தத்தைச் சமமாக்காமல் முடிவெடுக்காதீர்கள். சற்றே உரக்க ஒலிப்பது எப்போதும் நன்றாக இருப்பதாகத் தோன்றும், ஒரு டெசிபல் வித்தியாசமே போதும் ஏமாற. குறைந்த சத்தத்திலும் கேட்டுப் பாருங்கள். நல்ல ஹெட்போனில் மெல்ல ஒலிக்கும்போதும் சொற்கள் புரியும். பெரியவர்களுக்கு வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபல் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு. வெளிச்சத்தம் உள்ளே வராததால் மூடிய ஹெட்போனில் அதற்குக் கீழே இருப்பது எளிது. அந்த வசதியை வீணாக்கவேண்டாம்.

என் வரிசை இது. கண்ணாடி இல்லை, கிண்ணம் தலையில் ஒட்டுகிறது என்றால் கே371. கண்ணாடி உண்டு, நீண்ட நேரம் கேட்பேன், ஈக்வலைசரைத் தொடத் தயங்கமாட்டேன் என்றால் டிடி 770 ப்ரோ, 80 ஓம். சொந்தக் குரலைப் பதிவுசெய்து பிழை பார்க்க எம்டிஆர்-7506. இன்னும் முடிவாகவில்லை, எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் கேட்பேன் என்பவருக்கு எம்40எக்ஸ். எதை எடுத்தாலும் திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் ஓர் இரவு முழுதாக ஒரு மணி நேரம், இடையில் கழற்றாமல் கேளுங்கள். கழற்றும்போது ‘அப்பாடா’ என்று தோன்றினால், மறுநாள் காலை பெட்டியில் போட்டுத் திருப்பி அனுப்பிவிடலாம்.